இணையக் கலைக்களஞ்சியத்தை அச்சிடுதல்: புதுச்சேரிப் பதிவுகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நாள்தோறும் திருத்தப்படும் இணையக் கலைக்களஞ்சியத்தைத் தாளில் அச்சிடுவது குறித்த விவாதங்கள் பெரும்பாலும் அளவைப் பற்றியனவாகவே அமைகின்றன. எத்தனை தொகுதி, எவ்வளவு செலவு என்பனவே முதற்கேள்விகளாக எழுகின்றன. அளவைவிட நாளே அடிப்படைச் சிக்கல் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். எந்த நாளின் உரையை அச்சிடுவது, அந்த நாளை வாசகர்க்கு எவ்வாறு அறிவிப்பது என்பவை தீர்ந்தால் ஏனைய நடைமுறைச் சிக்கல்கள் பதிப்புப் பணியின் வழக்கமான சிக்கல்களாகிவிடும். அபிதான சிந்தாமணி, தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் ஆகிய முன்மாதிரிகளும், பிற மொழிகளில் நிகழ்ந்த அச்சு முயற்சிகளும், புதுச்சேரி தொடர்பான தலைச்சொற்களும் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கலைக்களஞ்சியம், விக்கிப்பீடியா, பதிப்பியல், அகரவரிசை, எல்லை நாள், புதுச்சேரி

முன்னுரை

தமிழ் விக்கிப்பீடியா 2003 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2017 ஆம் ஆண்டில் அதன் கட்டுரைகள் ஓர் இலட்சத்தைக் கடந்தன. தமிழில் அச்சில் வெளிவந்த எந்தக் கலைக்களஞ்சியத்திலும் இத்தனை தலைப்புகள் இடம்பெற்றதில்லை. மாணவர்களும் ஆய்வாளர்களும் முதலில் நாடும் இடமாகவும் இன்று அது அமைந்துள்ளது. எனினும் ஆய்வேடுகளில் அதனைச் சான்றாகக் காட்டுவதற்குத் தயக்கம் நீடிக்கிறது. தயக்கத்திற்குக் கூறப்படும் காரணம் பெரும்பாலும் நம்பகத்தன்மை பற்றியது. அதற்கு இணையான மற்றொரு காரணமும் உண்டு. ஆய்வாளர் படித்த பக்கமும் ஆய்வேட்டைத் திருத்துபவர் பார்க்கும் பக்கமும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இந்த நிலையின்மைக்குத் தீர்வாக அச்சுப் பதிப்பு முன்மொழியப்படுவதுண்டு. இணைய வசதியற்ற பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் பயன்படும் என்பதும் அதற்குக் கூறப்படும் காரணமாகும். இம்முன்மொழிவு ஏற்கத்தக்கதா, ஏற்பின் எந்த அளவில், எம்முறையில் என்பதே ஆராயத்தக்கது. புதுச்சேரி இவ்வாய்வுக்குப் பொருத்தமான களமாகும். அதன் ஆட்சிநிலை, பெயர், தொல்லியல் விளக்கம், பிரெஞ்சுப் பெயர்களின் எழுத்துமுறை ஆகிய அனைத்தும் கடந்த எழுபது ஆண்டுகளில் மாற்றம் கண்டவை. மாறும் அறிவைத் தாளில் நிறுத்துவதன் இடர்கள் அனைத்தையும் இந்த ஒரு நகரின் பதிவுகளிலேயே காணலாம்.

1. தமிழ் முன்மாதிரிகள்

அச்சிட்ட நாளிலிருந்தே கலைக்களஞ்சியம் பழையதாகத் தொடங்குகிறது. இணையம் வருவதற்கு முன்பே தமிழ்ப் பதிப்பாளர்கள் இதனை எதிர்கொண்டனர்.

ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழி வெளிவந்தது. ஆயிரம் பக்க அளவினதாகிய அந்நூல் வெளிவந்த பின்னும் அவர் சேர்க்கைகளைத் தொகுத்துவந்தார். 1931 இல் அவர் மறைந்தார். விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 1934 இல் ஆயிரத்து அறுநூறு பக்கங்களைக் கடந்து வெளிவந்தது. இரண்டு பதிப்புகளுக்கும் இடையே 24 ஆண்டுகள். அந்த இடைவெளியில் முதற்பதிப்பைப் பயன்படுத்தியவர் ஆசிரியரின் கையிலிருந்த புதிய செய்திகளை அறிய வழியில்லை. இரண்டாம் பதிப்பு மட்டும் கையிலுள்ளவர், எந்தப் பதிவு 1910 இல் இருந்தது, எது பின்னர்ச் சேர்ந்தது என்பதை முதற்பதிப்போடு ஒப்பிட்டே அறிய முடியும்.

தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் வேறு முறையைக் கையாண்டது. தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியாலும் பெ. தூரனின் முதன்மைப் பதிப்பாசிரியப் பொறுப்பிலும் உருவான அப்பணியின் முதல் தொகுதி 1954 இல் வந்தது. ஒன்பதாம் தொகுதி 1963 இல் வந்தது. 1968 இல் வெளிவந்த பத்தாம் தொகுதி இணைப்புத் தொகுதியாகும். அகரவரிசை ஒன்பதாம் தொகுதியோடு முடிந்துவிட, விடுபட்டனவும் புதியனவும் தனியே தொகுக்கப்பட்டன. மாற்றத்தைத் தாளில் ஒப்புக்கொள்வதற்குத் தமிழில் கண்டறியப்பட்ட தெளிவான வடிவம் இந்தப் பத்தாம் தொகுதியே எனலாம். பழைய தொகுதிகளை அழிக்காமல் அவற்றின்மேல் ஒரு நாளிட்ட அடுக்கை அது சேர்த்தது. ஆயினும் வாசகர் ஒரு பொருளைப் பற்றி அறிய இரண்டு இடங்களில் தேட வேண்டிய நிலை ஏற்பட்டது. மாற்றத்தை ஏற்கும் அச்சுமுறை எதுவும் இந்தக் கூடுதல் உழைப்பை வாசகர்மேல் சுமத்தாமல் இருப்பதில்லை.

புதுச்சேரியிலும் இதற்கு ஒப்பான அனுபவம் உண்டு. முசே, துப்புயி ஆகிய பிரெஞ்சுப் பாதிரியார்களின் தமிழ்–பிரெஞ்சு அகராதி புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் 1855 இல் முதற்பகுதியாகவும் 1862 இல் இரண்டாம் பகுதியாகவும் அச்சாயிற்று. ஒரே நூலின் இரு பாதிகளுக்கிடையே ஏழு ஆண்டுகள் இருந்தன. பல தொகுதிகளாக வரும் நோக்கு நூல் ஒன்றின் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் ஒரே காலம் இருப்பதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

2. புதுச்சேரி என்னும் தலைச்சொல்

தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் ஒன்பது அகரவரிசைத் தொகுதிகள் வெளிவந்த 1954–1963 காலமும் புதுச்சேரியின் ஆட்சிமாற்றக் காலமும் ஏறத்தாழ முற்றிலும் ஒன்றுபடுகின்றன. 1954 அக்டோபர் 18 இல் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பேராளர்களுள் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்தனர். நவம்பர் 1 இல் நடைமுறை ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28 இல் ஒப்படைப்பு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1962 ஆகஸ்ட் 16 இல் சட்டப்படியான மாற்றம் நிறைவேறியது. 1963 சூலை 1 முதல் ஒன்றியப் பகுதிக்கான சட்டமன்ற ஆட்சிமுறை நடைமுறைக்கு வந்தது.

இந்த ஆண்டுகளில் அகரவரிசையில் வெளிவரும் எந்தக் கலைக்களஞ்சியத்தையும் கற்பனை செய்து பார்க்கலாம். ஏனாம் உயிரெழுத்து வரிசையில் முதலில் அமையும். காரைக்கால் ககர வரிசையிலும், புதுச்சேரி பகர வரிசையிலும், மாகே மகர வரிசையிலும் வரும். ஒரே ஆட்சிப்பகுதியின் நான்கு உறுப்புகள் நான்கு வெவ்வேறு ஆண்டுகளின் அச்சில் அமைகின்றன. ஒவ்வொரு பதிவும் அதன் ஆண்டில் சரியாகவே இருக்கலாம். நான்கையும் ஒரே நேரத்தில் படிப்பவருக்கோ அவை ஒன்றோடொன்று முரண்படும். இம்முரண் பதிப்பாசிரியரின் பிழையன்று. பல தொகுதிகளுக்கு ஒரே நாள் இல்லாமையின் விளைவு.

இணையக் கலைக்களஞ்சியம் இந்தக் குறையைத் தீர்க்கிறது. நான்கு கட்டுரைகளையும் ஒரே பிற்பகலில் திருத்த முடியும். 2006 அக்டோபர் 1 முதல் ஒன்றியப் பகுதியின் ஆங்கிலப் பெயர் பாண்டிச்சேரி என்பதிலிருந்து புதுச்சேரி என மாறியபோது அச்சு நூல்கள் அனைத்தும் பழையனவாயின. இணையத்தில் தலைப்பை மாற்றிப் பழைய பெயரை வழிமாற்றாக வைத்துவிட முடியும். எனினும் இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. 1985 இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் இன்றும் ஆங்கிலத்தில் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் என்றே வழங்குகிறது. பெயரை ஒட்டுமொத்தமாக மாற்றும் தானியங்கித் திருத்தம் நிறுவனங்களின் பெயர்களையும் பழைய ஆவணங்களின் தலைப்புகளையும் சேர்த்து மாற்றிவிடும் இடர் இதில் உள்ளது. அச்சுக்குச் செல்லும் முன் இத்தகைய மாற்றங்களை மனிதர் ஒருவர் படித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

3. மாற்றத்தின் வகைகள்

இணையக் கலைக்களஞ்சியம் மாறிக்கொண்டே இருக்கிறது என்று பொதுவாகக் கூறுவது அச்சிடுவோர்க்குப் பயன்படாது. மாற்றம் பல வகைப்படும். ஒவ்வொன்றும் தாளில் வெவ்வேறு முறையில் கையாளத்தக்கது.

முதல் வகை நிகழ்வு மாற்றம். ஆட்சிமாற்றம், பெயர்மாற்றம், ஒருவரின் மறைவு போன்றவை நாள் குறிக்கத்தக்கவை. இவற்றை நாளோடு எழுதினால் பதிவு பழையதாகலாம், பொய்யாகாது. 'தற்போதைய முதலமைச்சர்' என எழுதிய தொடர் சில ஆண்டுகளில் தவறாகும். இன்ன ஆண்டில் பொறுப்பேற்றார் என எழுதிய தொடர் தவறாவதில்லை.

இரண்டாம் வகை எண் மாற்றம். 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை 12,47,953. 2021 இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனமையால் இவ்வெண் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. கணக்கெடுப்பு ஆண்டு இல்லாத எண்ணை அச்சிடலாகாது என்பதே இங்குக் கொள்ளத்தக்க விதி.

மூன்றாம் வகை ஆய்வு மாற்றம். இதுவே மிக நுட்பமானது. அரிக்கமேட்டில் 1945 இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து மறு ஆண்டு அறிக்கை வெளியிட்டார். 1947 முதல் 1950 வரை கசால் அகழ்ந்தார். 1989–1992 இல் விமலா பெக்லி தலைமையில் மீண்டும் அகழாய்வு நடந்தது. வீலர் மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்ததாகக் கருதிய உருளை அழுத்தக் கோலப் பானை இந்தியாவிலேயே செய்யப்பட்டது என்பது பின்னைய ஆய்வுகளில் ஏற்கப்பட்டது. குடியிருப்பின் காலமும் வீலர் வரையறுத்ததைவிட நீட்டிக்கப்பட்டது. இங்குப் பழைய கருத்தை நீக்கிப் புதியதை மட்டும் அச்சிடுவது ஆய்வு வரலாற்றை அழிப்பதாகும். யார், எந்த ஆண்டு, எச்சான்றின் அடிப்படையில் கூறினார் என்னும் மூன்றும் பதிவில் இருந்தால் அடுத்த அகழாய்வு வந்தாலும் அப்பக்கம் பயனுடையதாகவே இருக்கும்.

நான்காம் வகை எழுத்துமுறை மாற்றம். இதில் பொருள் மாறுவதில்லை. சொல் வடிவமே மாறுகிறது. துய்ப்ளே, டூப்ளே, டூப்ளெக்ஸ் என ஒரே ஆளுநரின் பெயர் பலவாறு எழுதப்படுவது இதற்கு எடுத்துக்காட்டு. ஐந்தாம் வகை சிதைப்பும் அதன் மீட்பும். குறும்பாகவோ உள்நோக்கத்தோடோ செய்யப்படும் திருத்தம் சில நிமிடங்களிலோ சில மாதங்களிலோ நீக்கப்படலாம். தரவு எடுக்கப்படும் கணத்தில் அது பக்கத்தில் இருந்துவிட்டால் தாளில் நிலைபெற்றுவிடும்.

இவ்வைந்தனுள் முதல் மூன்றும் எழுதும் முறையால் தீர்க்கத்தக்கவை. நான்காவது பதிப்பாசிரியரின் முடிவால் தீர்க்கத்தக்கது. ஐந்தாவது மெய்ப்புப் பார்ப்பதால் மட்டுமே தீரும். 'மாறிக்கொண்டே இருப்பதை எப்படி அச்சிடுவது' என்னும் பொதுவான திகைப்பு இவ்வாறு பகுத்தபின் பெரிதும் குறைந்துவிடுகிறது.

4. பிற மொழி முயற்சிகள்

முழுமையாக அச்சிடும் முயற்சிகளுள் மிகப் பெரியது மைக்கேல் மாண்டிபெர்க் என்னும் அமெரிக்கக் கலைஞருடையது. ஆங்கில விக்கிப்பீடியாவின் 2015 ஏப்ரல் 7 ஆம் நாள் தரவைக் கொண்டு தலா 700 பக்கங்கள் உடைய 7,473 தொகுதிகளை அவர் கணினி வழி உருவாக்கினார். படங்கள் சேர்க்கப்படவில்லை. பொருளடக்கம் மட்டும் 91 தொகுதிகள். பங்களித்தோர் பெயர்ப்பட்டியல் 36 தொகுதிகள். அவ்வாண்டு நியூயார்க் கலைக்கூடத்தில் உண்மையில் தாளில் அச்சிட்டு வைக்கப்பட்டவை 106 தொகுதிகளே. மற்றவற்றின் முதுகுகள் சுவரில் படமாகக் காட்டப்பட்டன. அளவைக் கண்ணுக்குக் காட்டுவதே அதன் நோக்கம். அந்நோக்கில் அது வெற்றி பெற்றது. பயன்பாட்டுக்குரிய நூலாக அதனை மதிப்பிடுவது பொருந்தாது. அதற்கு முன்னர் 2014 இல் ஆயிரம் தொகுதிகளாக அச்சிட ஜெர்மானிய நிறுவனமொன்று பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்று இலக்கை எட்ட இயலாது போயிற்று.

தேர்ந்தெடுத்து அச்சிடும் முயற்சிக்கு 2008 இல் ஜெர்மன் மொழியில் பெர்டல்ஸ்மன் பதிப்பகம் வெளியிட்ட ஒரு தொகுதி அகராதி எடுத்துக்காட்டாகும். ஏறத்தாழ ஆயிரம் பக்கங்களில், மக்கள் அதிகமாகத் தேடிய தலைப்புகளின் சுருக்கங்கள் இடம்பெற்றன. அளவுச் சிக்கலை அது தீர்த்தது. ஆனால் தேடல் எண்ணிக்கையைத் தேர்வு விதியாகக் கொண்டமையால் அந்த ஆண்டின் பரபரப்பு தாளில் ஏறியது. தமிழில் இதே விதியைக் கையாண்டால் திரைப்படமும் தேர்தலும் முன்னிற்க, அரிக்கமேடு பின்தங்கும். விரைவில் மாறும் தலைப்புகளே அதிகம் தேடப்படுபவை என்பதால் தேடல் எண்ணிக்கை அச்சுக்கு மிகவும் ஒவ்வாத தேர்வு விதி எனக் கூறலாம்.

மூன்றாவது முயற்சி இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. ஜேம்ஸ் பிரைடில் 2010 இல், ஈராக் போர் பற்றிய ஒரே ஆங்கிலக் கட்டுரையில் 2004 டிசம்பர் முதல் 2009 நவம்பர் வரை நிகழ்ந்த பன்னிரண்டாயிரம் மாற்றங்களையும் பன்னிரண்டு தொகுதிகளாக அச்சிட்டார். ஏறத்தாழ ஏழாயிரம் பக்கங்கள். ஒரு கட்டுரையின் முடிவைவிட அது உருவான வழியே வரலாற்றுச் சான்று என்பதை அது உணர்த்துகிறது. நூலகத்திற்கு இம்முறை நடைமுறைக்கு ஒவ்வாது. ஆயினும் அச்சுப் பதிப்பு எதனை இழக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இல்லை.

5. எல்லை நாளும் நிலையான தொடுப்பும்

இணையப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் திருத்த வரலாறு உண்டு. பழைய வடிவம் ஒவ்வொன்றுக்கும் நிலையான தொடுப்பு உண்டு. ஆகவே அச்சு எதற்கு என்னும் மறுப்பு எழலாம். இம்மறுப்பு வலுவானது. ஆனால் முழுமையானதன்று. விக்கிப்பீடியாவின் பழைய வடிவத்தை நிலையான தொடுப்பின் வழித் திறக்கும்போது அக்கட்டுரையின் பழைய உரை கிடைக்கிறது. அதற்குள் அழைக்கப்படும் வார்ப்புருக்களும் படங்களும் பெரும்பாலும் இன்றைய வடிவிலேயே தோன்றுகின்றன. விக்கித்தரவிலிருந்து தகவற்பெட்டிக்குள் வரும் செய்திகளும் அவ்வாறே. ஆகவே 2012 இன் கட்டுரை உரைக்கு மேல் இன்றைய தகவற்பெட்டி அமையக்கூடும். அந்த நாளில் வாசகர் கண்ட பக்கம் எது என்பதை அத்தொடுப்பு உறுதியாகக் காட்டுவதில்லை. நீக்கப்பட்ட கட்டுரைகளின் வரலாறோ பொதுவாசகர்க்குத் திறப்பதே இல்லை.

இந்த இடத்தில்தான் தாள், அல்லது தாளைப் போல் நிலைத்த மின்படி, தனிப்பயன் பெறுகிறது. உரை, பட்டியல், படம் ஆகிய அனைத்தும் ஒருசேர ஒரு நாளில் எப்படி இருந்தன என்பதற்கு அது சான்றாகிறது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த நாள் நூலில் குறிக்கப்பட வேண்டும். தரவு எடுக்கப்பட்ட நாளை இக்கட்டுரை எல்லை நாள் எனக் குறிக்கிறது. எல்லை நாள் இல்லாத அச்சுப்பதிப்பு, பதிப்பாண்டு கிழிந்துபோன பழநூலுக்கு ஒப்பாகும்.

தமிழ்ப் பதிப்பியலுக்கு இது புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவகசிந்தாமணியை வெளியிட்டார். திருத்தங்களோடு 1907 இல் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். சான்று காட்டும் ஆய்வாளர் எந்தப் பதிப்பு எனக் கூறாமல் விடுவதில்லை. ஏட்டுச்சுவடிகளின் பாடவேறுபாடுகளைக் குறிக்கப் பழகிய மரபுக்கு, ஒரு கட்டுரையின் இரு நாளைய வடிவங்களை வேறுபடுத்திக் குறிப்பது கடினமாகாது. தேவைப்படுவது அதே ஒழுக்கத்தை இணையப் பக்கத்திற்கும் நீட்டிப்பதே.

6. அகரவரிசையும் தலைச்சொல்லும்

இணையத்தில் கட்டுரைகளுக்கு வரிசை தேவையில்லை. தேடுபெட்டி அதனைத் தேவையற்றதாக்கிவிட்டது. தாளுக்கு வரும்போது வரிசை முதற்பெரும் பணியாகிறது.

முதற்சிக்கல் ஒருங்குறியின் எழுத்து வரிசை. ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் இடம்பெறுகின்றன. அக்குறியெண் வரிசைப்படி அடுக்கினால் 'புறநானூறு' என்பது 'புலவர்' என்பதற்கு முன்னும், 'மனம்' என்பது 'மயில்' என்பதற்கு முன்னும் வரும். தமிழ் நெடுங்கணக்கில் இரண்டும் பின்னே வர வேண்டியவை. புள்ளி தனிக்குறியாகக் கடைசியில் எண்ணப்படுவதால் 'பகல்' முன்னும் 'பக்கம்' பின்னும் அமையும். மெய்யை உயிர்மெய்க்கு முன் வைக்கும் தமிழ் லெக்சிகன் முறைக்கு இது நேர்மாறு. தமிழ் வரிசையை அறிந்த அடுக்குநிரல் கொண்டே தலைப்புகளை அடுக்க வேண்டும். கிரந்த எழுத்துகளின் இடத்தையும் பதிப்பாசிரியர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாம் சிக்கல் தலைப்பெழுத்து. தமிழில் பெயருக்கு முன் தலைப்பெழுத்து வருவதால் உ. வே. சாமிநாதையர் உகரத்திலும், சி. சுப்பிரமணிய பாரதியார் எனத் தலைப்பிட்டால் பாரதி சிகரத்திலும் அமைவர். வாசகர் அவர்களை அங்குத் தேடமாட்டார். ஒவ்வொரு வாழ்க்கைக் கட்டுரைக்கும் தனி அடுக்குச்சொல் தேவைப்படும். ஒற்று மிகுதலும் இடைவெளியும்கூட வரிசையைப் பாதிக்கும். 'புதுச்சேரிப் பல்கலைக்கழகம்', 'புதுச்சேரி பல்கலைக்கழகம்' என்னும் இரண்டும் வேறு இடங்களில் அமையும். 'ஆனந்தரங்கப் பிள்ளை', 'ஆனந்த ரங்கப் பிள்ளை' என்பனவும் அவ்வாறே.

மூன்றாம் சிக்கல் வழிமாற்று. இணையத்தில் வாசகர் அறியாமலே அது இயங்குகிறது. தாளில் ஒவ்வொரு வழிமாற்றும் 'காண்க' என்னும் ஒரு வரியைப் பெறும். அனைத்தையும் அச்சிட்டால் பக்கம் வீணாகும்; அனைத்தையும் விட்டால் வாசகர் வழிதவறுவார். துய்ப்ளே என்பதைத் தலைச்சொல்லாகக் கொண்டால் டகரத்தில் தேடுவோருக்கு ஒரு 'காண்க' கட்டாயம் வேண்டும். எழுத்துப்பிழைகளுக்காக உருவாக்கப்பட்ட வழிமாற்றுகள் வேண்டியதில்லை. பெயர் வேறுபாட்டைக் காத்து, பிழை வேறுபாட்டை விலக்குவது இங்குத் தகுந்த விதியாகும்.

7. மெய்ப்பு, பக்க அமைப்பு, உரிமம்

மெய்ப்பின் சுமையை ஒரு கணக்கால் விளக்கலாம். ஓர் இலட்சம் கட்டுரைகள், கட்டுரைக்குச் சராசரி 200 சொற்கள் எனக் கொண்டால் இரண்டு கோடிச் சொற்கள். இரட்டைப் பத்தியில் பக்கத்திற்கு 800 சொற்கள் என்றால் 25,000 பக்கங்கள். 750 பக்கத் தொகுதியாக 34 தொகுதிகள். நாளொன்றுக்கு 20 பக்கம் படிக்கும் மெய்ப்பாளர் பத்துப் பேர் ஒருமுறை படித்து முடிக்க 125 வேலைநாள்கள் ஆகும். மும்முறை படிக்க 375 வேலைநாள்கள், அதாவது ஓராண்டுக்கு மேல். இவ்வெண்கள் எடுத்துக்காட்டுக்காகக் கொண்டவை. அவற்றைப் பாதியாகக் குறைத்தாலும் முடிவு மாறாது. மெய்ப்பு முடியும்போது எல்லை நாள் பல மாதங்கள் பின்னே சென்றிருக்கும். இடையில் வரும் திருத்தங்களை ஏற்கத் தொடங்கினால் நூலுக்கு எல்லை நாளே இல்லாமற்போகும். எல்லை நாளுக்குப் பின் கண்ட பிழையை இணையத்திலும் அச்சுப்படியிலும் ஒருங்கே திருத்தி, புதிய செய்தியை மட்டும் இணைப்புக்கு ஒதுக்குவதே இயலும் வழி. பெ. தூரன் குழுவினரின் பத்தாம் தொகுதி காட்டும் பாதையும் இதுவே.

பக்க அமைப்பில் தமிழுக்கே உரிய இடர்கள் உள்ளன. 'கொ' போன்ற எழுத்துகளில் உயிர்க்குறி கணினியில் மெய்க்குப் பின் சேமிக்கப்பட்டாலும் அச்சில் மெய்யின் இருபுறமும் தோன்ற வேண்டும். இதனை அறியாத மென்பொருள் எழுத்துகளைக் குலைக்கும். ஒட்டி எழுதப்படும் நீண்ட சொற்கள் குறுகிய பத்தியில் அடங்காமல் வரிகளுக்கிடையே பெரும் வெற்றிடங்களை உண்டாக்கும். அசை பிரிப்பு விதிகளை முன்னரே வகுத்தல் வேண்டும். பதினாறு பக்க ஃபாரமாக அச்சிடும் நூலில் கடைசி நேரத்தில் ஒரு பத்தியைச் சேர்த்தால் அடுத்தடுத்த பக்கங்களும் சொல்லடைவும் இடம் மாறும்.

உள்தொடுப்புகளுள் அதே நூலில் தலைச்சொல்லாக உள்ளவற்றை மட்டும் உடுக்குறியிட்டுக் காட்டலாம். மேற்கோள்களில் வரும் நீண்ட இணைய முகவரிகளைத் தாளில் யாரும் தட்டச்சிடப்போவதில்லை. ஆசிரியர், தலைப்பு, நாள் ஆகியவற்றை அச்சிட்டு, கட்டுரை இறுதியில் அதன் குறிப்பிட்ட வடிவத்திற்குச் செல்லும் விரைவுக்குறி ஒன்றை இடுவது போதுமானது.

உரிமச் சிக்கல் பலர் நினைப்பதைவிட எளியது. ஆனால் தட்டிக்கழிக்க இயலாதது. விக்கிப்பீடியா உரை படைப்பாக்கப் பொதும உரிமத்தில் கிடைக்கிறது. அச்சிடலாம், விற்கலாம். மூலத்தையும் பங்களித்தோரையும் குறிக்க வேண்டும். செய்த மாற்றங்களைச் சுட்ட வேண்டும். அதே உரிமத்தில் பிறர் பயன்படுத்த விட வேண்டும். படம் ஒவ்வொன்றுக்கும் உரிமம் வேறு; வரைபடங்களுக்கும் வேறு. கூட்டாக எழுதப்பட்ட கட்டுரைகளைத் தொகுத்து, அட்டையில் தொகுப்பாசிரியர் பெயரை மட்டும் பெரிதாக இட்டு உயர்விலைக்கு விற்ற நூல்கள் ஆங்கிலத்தில் உண்டு. மாணவர் அத்தகைய நூலைத் தனிச்சான்றாகக் கொள்ளும்போது ஒரே மூலம் இரண்டு சான்றாக எண்ணப்படுகிறது. பங்களித்தோர் பட்டியல் மரியாதைக்குரியது மட்டுமன்று. சான்று மதிப்பீட்டுக்கும் அது இன்றியமையாதது.

8. இயலும் அளவு: ஒரு வட்டாரத் தொகுதி

மேற்கண்டவற்றின் அடிப்படையில் முழு அச்சு என்னும் திட்டத்தை விலக்கி, வட்டாரத் தொகுதி என்னும் திட்டத்தைக் கருதலாம். புதுச்சேரி தொடர்பான 300 கட்டுரைகள், சராசரி 400 சொற்கள் என்றால் 1,20,000 சொற்கள். பக்கத்திற்கு 400 சொற்கள் கொண்ட 300 பக்க நூல். நாளுக்கு 15 பக்கம் படிக்கும் ஒரு மெய்ப்பாளர் 20 நாள்களில் ஒருமுறை படித்துவிடுவார். மும்முறை மெய்ப்பும் 60 நாள்களில் முடியும். எல்லை நாளுக்கும் அச்சு நாளுக்கும் உள்ள இடைவெளி சில மாதங்களுக்குள் அடங்கும். ஒரே நூலாதலால் ஏனாமுக்கும் மாகேவுக்கும் ஒரே எல்லை நாள். பல தொகுதிகளின் காலமுரண் இங்கு எழுவதில்லை.

தேர்வு விதியும் தெளிவாகும். மெதுவாக மாறுவனவற்றுக்கு முன்னுரிமை தரலாம்: அரிக்கமேடு, ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு, பிரெஞ்சு ஆட்சி நிறுவனங்கள், விடுதலைப் போராட்டம், 1908 முதல் 1918 வரையிலான பாரதியின் புதுவை வாழ்வு, பாரதிதாசன், கோயில்கள், ஏரிகள், அச்சகங்கள். பதவி வகிப்போர் பட்டியல், தேர்தல் முடிவு ஆகியவற்றை இணையத்திற்கே விட்டுவிடலாம். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் சிறு எண்ணிக்கையில் அச்சிட்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய எல்லை நாளோடு வெளியிடுவது பொருந்தும். பழைய பதிப்பை நூலகங்கள் கழித்துவிடாமல் காக்க வேண்டும். 1827 இல் தோன்றிய பொது நூலகத்தின் தொடர்ச்சியாகிய ரோமன் ரோலண்ட் நூலகம் போன்ற இடங்களில் அடுத்தடுத்த பதிப்புகள் ஒரே அடுக்கில் நின்றால், புதுச்சேரியைப் பற்றிய தமிழறிவு எவ்வாறு மாறியது என்பதற்கு அவ்வடுக்கே ஆவணமாகும்.

இத்திட்டத்திற்கும் ஒரு குறை உண்டு. மெதுவாக மாறுவனவற்றையே தேர்ந்தெடுக்கும்போது நிகழ்காலச் சமூக வாழ்வு தாளில் மெலிந்துவிடும். வட்டாரத் தொகுதியை முழுமையான கலைக்களஞ்சியமாக விளம்பரப்படுத்தாமல், தேர்வு விதியை முன்னுரையில் வெளிப்படையாகக் கூறுவதே இதற்குச் செய்யத்தக்கது.

முடிவுரை

இணையக் கலைக்களஞ்சியத்தை அச்சிடுவதால் அது நிலைபெற்ற உண்மையாகிவிடுவதில்லை, நாளிட்ட சான்றாகிறது. அச்சு முயற்சியை இந்த நோக்கில் மதிப்பிட்டால் முழுத்தொகுதிக் கனவு தேவையற்றது என்பதும், எல்லை நாள், தேர்வு விதி, தமிழ் அகரவரிசை, பங்களித்தோர் பட்டியல் ஆகிய நான்கும் இல்லாத அச்சு பயனற்றது என்பதும் தெளிவாகின்றன. இணையம் திருத்தத்தை எளிதாக்கியது. அத்திருத்தத்தின் சுவடு வாசகர் கண்ட வடிவில் எஞ்சுமா என்பது இன்னும் உறுதிப்படவில்லை. 1954 க்கும் 1963 க்கும் இடையே அச்சான தொகுதிகளைத் திறந்து அக்காலத் தமிழறிஞர் எதனை அறிந்திருந்தனர் என்று இன்று கூற முடிகிறது. நம் காலத்தின் தமிழ்க் கலைக்களஞ்சியத்தைப் பற்றி 2080 இன் ஆய்வாளர் அவ்வாறு கூற வேண்டுமாயின், சிறிய அளவிலேனும் நாளிட்ட பதிப்புகள் நூலக அடுக்கில் இருத்தல் வேண்டும்.